செத்தவர் கெட்டித்த தோட்டாக்கள்

மொன்டானா மாநிலத்தில் இன்று உயிரோடிருக்கும் மனிதர்களில், வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாதவன் தான் ஒருவன்தான் என்று ரோலி ஃபென்ஸ்கி அறிவித்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றும், அவர்களிலும் சிலர் மீது தனக்குச் சந்தேகம் உண்டு என்றும் நியாயமாகச் சொல்லிவிட்டான்.

பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்த மாவிஸ் டகர்ட் பதில் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் துணை ஷெரிஃபாக இருந்துவிட்டுத் தனியார் துப்பறிவாளரானவள். ரோலியை உதவியாளனாக வைத்துக்கொண்ட மூன்று வருடத்தில், எந்தப் பேச்சுக்குப் பதில் தேவையில்லை என்பதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

"பெருமைக்குச் சொல்லல பாஸ். இது ஒரு வியாதி மாதிரி. கார் விக்கிற கடையில நாலு மாசம் இருந்தேன், ஒரு கார் விக்கல. ஷெரிஃப் பொண்டாட்டி, நான் சுட்ட ஆப்பிள் பை எப்படி இருக்கு ரோலின்னு கேட்டாங்க. சொன்னேன்."

"தெரியும். அதுக்கப்புறம்தான உனக்கு வேற யாரும் வேலை குடுக்கல."

"ஆனா ரோலி சொன்னா அது நடந்ததுதான்னு ஊரே ஒத்துக்கும். அது சொத்து பாஸ். ஹால்வர் ஸ்டென்ஸ்ருட் சாவுக்குப் போயிருந்தேன். சுடும் கிளப்புக்காரங்க ஒவ்வொருத்தனா எழுந்து, அவரை மாதிரி தங்கமான மனுஷன் இல்லைன்னாங்க. உயிரோட இருந்தப்ப அவரோட வேலித் தகராறு பண்ணாதவன் அதுல ஒருத்தன் இல்ல. செத்தவனுக்காகப் பொய் சொல்ற மாதிரி முட்டாள்தனம் உண்டா? உயிரோட இருக்கறவனுக்குப் பொய் சொன்னா ஒரு பீராவது வாங்கித் தருவான்."

வெளியே நவம்பர் காற்று புல்வெளியைப் படுக்கப்போட்டு வாரிக்கொண்டிருந்தது. அவர்கள் போய்க்கொண்டிருந்தது அதே ஹால்வர் ஸ்டென்ஸ்ருட்டின் விஷயமாகத்தான். ஏப்ரலில் அடக்கமானவர். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தோட்டா தயாரித்துக்கொண்டிருக்கிறார் என்று புகார்.

புகார் கொடுத்தவர் மகன் கர்ட். டவுனில் டிராக்டர் ஏஜென்சி நடத்துபவர். கராஜில் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார்.

"எல்க் மான் வேட்டைக்கு அப்பாவோட ரைஃபிளை எடுக்க பேஸ்மென்ட்டுக்குப் போனேன். அலமாரியில புதுசா பெட்டிங்க. ஒவ்வொண்ணுலயும் இருபது தோட்டா. மேல தேதி முத்திரை. எல்லாம் அவர் போனதுக்கு அப்புறம் வந்த ஞாயித்துக்கிழமைங்க. இன்னியோட முப்பது பெட்டி. அம்மாகிட்ட கேட்டேன், யார் செஞ்சதுன்னு."

"என்ன சொன்னாங்க?" என்றாள் மாவிஸ்.

"உங்கப்பான்னாங்க," என்றார் கர்ட். "ஏதோ, பால் ஃப்ரிட்ஜுல இருக்குன்னு சொல்ற மாதிரி."

"அம்மாவே செஞ்சிருக்கலாமே?"

"அம்மாவா? அந்தத் தோட்டா பிரஸ்ஸை எந்தப் பக்கம் இழுக்கணும்னே அவங்களுக்குத் தெரியாது மாவிஸ். அந்த ரூமுக்குக் காபி கொண்டுபோவாங்க, வருவாங்க, அவ்வளவுதான். எழுபத்து நாலு வயசு, பக்கத்து வீடு ஆறு மைல், யாரோ ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து போறான், இவங்க அப்பான்னு நம்பறாங்க. வியாழக்கிழமை கோர்ட்டுல விசாரணை வச்சிருக்கேன். ஜட்ஜ் ஒத்துக்கிட்டா அவங்களை பில்லிங்ஸ்ல முதியோர் ஹோம்ல சேர்த்துட்டு, அந்த வீட்டை வித்துருவேன். எனக்கு வேற வழி தெரியல."

ரோலி மாவிஸின் காதருகே குனிந்தான். "கேஸ் முடிஞ்சது பாஸ். வீட்டுச் சாவி பையன்கிட்ட. வீடும் பையனுக்கு. அதோ பாருங்க, பிரஸ்ஸும் பையன்கிட்ட."

கராஜ் மூலையில் ஒரு புது பிரஸ் பளபளத்துக்கொண்டிருந்தது. பித்தளை உறையைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது, வெடிமருந்து போடுவது, குண்டை அழுத்திப் பொருத்துவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம் வைத்து, ஐந்து இடமும் ஒரு வட்டத் தட்டில் சுழலும். கைப்பிடியை ஒருதரம் இழுத்தால் ஐந்து வேலையும் சேர்ந்து நடந்து ஒரு முழுத் தோட்டா தொப்பென்று விழும்.

"இதுல ஒரு இருபது செஞ்சு காட்டுங்களேன்," என்றாள் மாவிஸ். "வந்த வரிசை கலையாம அடுக்கிக் குடுங்க."

கர்ட்டின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. நாலே நிமிடத்தில் இருபதும் தயார். ரோலி சொக்கிப்போனான்.

"இதுதான் மிஷின். கிழவரோட இரும்புப் பிரஸ்ல ஒரு தோட்டாவுக்கு எத்தனை இழுப்பு?"

"ஆறு," என்றார் கர்ட். "ஒரு வேலைய முடிச்சு, அச்சைக் கழட்டி, அடுத்த அச்சை மாட்டி, மறுபடி இருபதையும் வரிசையா. அப்பாகிட்ட எத்தனையோ தடவை சொன்னேன், புதுசு வாங்குங்கன்னு. நான் இதை ஓட்டினா எழுந்து வெளியே போயிருவார்."

"ஒரு தோட்டாவுக்கு ஆறு தடவை இழுக்கறவருக்கு வீட்ல பேச ஆள் இல்லைன்னு அர்த்தம்," என்றான் ரோலி.

மாவிஸ் நீளம் அளக்கும் காலிப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள். ஓர் அங்குலத்தை ஆயிரமாக நறுக்கினால் கிடைக்கும் துண்டை அந்த ஊரில் தவ் என்பார்கள். கர்ட் செய்த இருபதில் நடுவிலிருந்தவை ஒன்றுக்கொன்று ஒரு தவ்வுக்குமேல் விலகவில்லை. முதல் மூன்றும் கடைசி மூன்றும் மட்டும் மூன்று தவ், நாலு தவ் என்று தள்ளி நின்றன. பேஸ்மென்ட்டிலிருந்து கர்ட் கொண்டுவந்திருந்த பெட்டிகளில் நாலைத் திறந்து எண்பது தோட்டாவையும் அளந்தாள். எல்லாம் ஒரே நீளம். அரைத் தவ்கூட அசையவில்லை.

கிளம்பி ஹால்வரின் வீட்டுக்குப் போகும்போது, ரோலியால் ஒரு மைலுக்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"சரி பாஸ், சொல்லுங்க. ஏன் வரிசையோட ரெண்டு முனை மட்டும் கெட்டுப்போச்சு?"

"அந்தத் தட்டுல அஞ்சு இடமும் நிறைஞ்சிருந்தா பாரம் சமமா இறங்கும். ஆரம்பிக்கும்போது சில இடம் காலி. முடிக்கும்போதும் காலி. பிக்கப்புல ஒரு பக்கமா வைக்கோல் கட்டு ஏத்தின மாதிரி, தட்டு ஒரு மயிரிழை சாயும். ஆளை மாத்தலாம், பழக்கத்தை மாத்தலாம். அந்த மிஷின் ரெண்டு முனையிலயும் கையெழுத்துப் போட்டுத்தான் விடும்."

"முனையில வந்ததைத் தூக்கிப் போட்டுட்டு நடுவுல இருக்கறதை மட்டும் பெட்டியில வச்சிருந்தா?"

"இருபதுக்கு ஆறைத் தூக்கிப்போடற பொறுமை இருக்கறவன் அந்த மிஷினையே வாங்கியிருக்க மாட்டான் ரோலி. அப்புறம், நடுவுலயும் ஒரு தவ் ஆடுது. இதுல அரைகூட ஆடல. முப்பது பெட்டியும் அந்தப் பழைய இரும்புல செஞ்சதுதான்."

"அப்போ யார்?"

"நாலு மணிக்கு கர்ட்டை அங்க வரச் சொல்லியிருக்கேன். இப்போ மூணேகால். பார்ப்போம்."

கர்ட்டின் அம்மா வெர்னா ஸ்டென்ஸ்ருட் கதவைத் திறந்தார். ரோலியின் முழங்கை உயரம் இருந்தார். இருவருக்கும் காபி ஊற்றினார். மூன்றாவதாக ஒரு கோப்பையிலும் ஊற்றி, யாருக்கென்று சொல்லாமல் மேஜை ஓரத்தில் வைத்தார். ரோலிக்கு அந்தக் கோப்பையைப் பார்க்காமலிருப்பது கஷ்டமாக இருந்தது. ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. காபியின் ஆவிதான், என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

"கீழே போய்ப் பார்க்கட்டுமா அம்மா?" என்றாள் மாவிஸ்.

"போங்க. மூணாவது படி முனகும். பயப்படாதீங்க."

முனகியது. ரோலி பயப்படவில்லை. மாவிஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டது சரிந்துவிடாமல் இருப்பதற்காக.

பேஸ்மென்ட் குளிர்ந்து கிடந்தது. எண்ணெயும் பித்தளையும் கலந்த மணம். விளக்கைப் போட்டதும் மேஜைமேல் அந்தப் பிரஸ் தெரிந்தது, கறுத்த வார்ப்பிரும்பில், திறந்த வாய் மாதிரி. மேலே நின்றிருந்த அதன் கைப்பிடி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல.

"பாஸ்," என்றான் ரோலி. குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"நாம படியில இறங்கின அதிர்வு." மாவிஸ் கைப்பிடியின் மூட்டை விரலால் தடவி முகர்ந்தாள். "புது எண்ணெய். இந்த வாரம் போட்டது. அதான் வழுக்குது. பேய் எண்ணெய் போட்டுக் கேள்விப்பட்டிருக்கியா?"

ரோலிக்கு அது எதிர்பார்த்த அளவு ஆறுதலாக இல்லை. சுவரில் ஹால்வரின் படம் தொங்கியது. மாநில ரெக்கார்டு போட்ட ஆயிரம் கெஜத் துப்பாக்கிச் சுடும் போட்டிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி, ஆறடி நாலங்குல மனிதர், தலை படச்சட்டத்தை முட்டிக்கொண்டு. பக்கத்தில் தம்பி ஆர்னெ, ஒரு கண்ணில் கறுப்புத் துணிப்பட்டையுடன். மருந்து டப்பாக்கள் எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. மேஜைமேல் ஒரே ஒரு டப்பா வைக்க ஒரு வட்டம், சிவப்புப் பெயின்ட்டில்.

மாவிஸ் மேஜைக்கு அடியில் காலால் துழாவி ஒரு மரப் பெட்டியை இழுத்தாள். ஆப்பிள் வருகிற பெட்டி, கவிழ்த்து வைத்திருந்தது. "இதுமேல ஏறி நின்னு பிரஸ்ஸை இழு."

ரோலி ஏறினான். நங்கென்று உத்தரத்தில் இடித்துக்கொண்டு இறங்கினான்.

"நீ அஞ்சடி எட்டு," என்றாள் மாவிஸ். "ஹால்வர் இதுல ஏறினா தலைய மடியில வச்சுக்கணும். இப்போ பெட்டியப் பாரு."

பெட்டியின் மேற்பலகையில் இரண்டு பள்ளங்கள், பக்கத்துப் பக்கத்தில். செருப்பு அளவு. சின்னச் செருப்பு. விரல் வைத்தால் கால் அங்குலம் இறங்கியது.

"ஏழு மாசத்துல தேயற தேய்மானம் இல்ல இது," என்றாள் மாவிஸ்.

ரோலி பள்ளத்தையே பார்த்தான். கர்ட்டின் கராஜிலிருந்து இதுவரை அவன் கட்டிவைத்திருந்த சந்தேகங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. "அப்படின்னா இப்போ மட்டும் இல்ல. அந்தக் கோப்பைங்க, அந்த ரெக்கார்டு..."

"எல்லாம் நான்தான் தம்பி," என்றது படியிலிருந்து ஒரு குரல்.

வெர்னா கடைசிப் படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மூன்றாவது படியை எப்படித் தாண்டினார் என்றும் தெரியவில்லை. தாண்டிப் பழக்கம் போலிருக்கிறது.

"முப்பத்து மூணு வருஷம் முன்னால அவர் மேஜையில ரெண்டு டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை செஞ்சார். இந்தத் தொழில்ல செய்யவே கூடாத தப்பு. மருந்து மாறிப்போச்சு. அந்தத் தோட்டாவை ஆர்னெ சுட்டான். ரைஃபிள் வெடிச்சு ஒரு கண்ணு போச்சு." அவர் சிவப்பு வட்டத்தின்மேல் கை வைத்தார். "துப்பாக்கி பழசுன்னு ஆர்னெ எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். சாகறவரைக்கும் மாத்திச் சொல்லல. அண்ணனை ஒரு வார்த்தை கேக்கல. நீ போட்டியை விடக் கூடாது, விட்டா ஏன்னு கேப்பாங்கன்னு மட்டும் சொன்னான்."

"ஹால்வரால திரும்பத் தொட முடியல," என்றாள் மாவிஸ்.

"கைப்பிடியைப் பிடிச்சா கை நடுங்கும். ரைஃபிளைப் பிடிச்சா நடுங்காது. விநோதம். நான் செஞ்சேன். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து இருபது. அவர் மூணாவது படியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கிளப்புல யாராவது, இவ்வளவு நேர்த்தியா யாருடா கெட்டிச்சதுன்னு கேப்பாங்க. ஹால்வர்னு நான் சொல்லிருவேன், அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி. முப்பத்து மூணு வருஷம். அவர் போனப்புறமும் ஞாயித்துக்கிழமை கால் தானா இங்க இறங்கிருச்சு. கர்ட் வந்து கேட்டான். வாய் தானா சொல்லிருச்சு."

"அவர் செத்துட்டார்னு வாய்க்கு யாரும் சொல்லல," என்றான் ரோலி. கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அப்படி ஒலிக்கவில்லை.

"சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே உறைச்சது. ஆனா எப்படி வாபஸ் வாங்கறது? இதை நான் செஞ்சேன்னா, பழசையும் நீங்களா செஞ்சீங்கன்னு கேப்பான். ஏன்னு கேப்பான். அவன் சித்தப்பா கண்ணு வரைக்கும் போய் நிக்கும். புத்தி பேதலிச்ச அம்மாவை அவன் தாங்கிக்குவான். மத்ததைத் தாங்க மாட்டான்."

"வியாழக்கிழமை வீடு போயிரும் அம்மா," என்றாள் மாவிஸ். "ஹோம்ல இந்த மாதிரி ஒரு மேஜை கிடையாது."

"தெரியும்."

"நான் கர்ட்டுக்கு வேலை செய்யறவ. இதைச் செஞ்சது நீங்கன்னு அவர்கிட்ட நான் சொல்லியே ஆகணும். அவர் கேட்டது இந்த முப்பது பெட்டியைப் பத்தி. அதுக்கு முன்னால உள்ளதை அவர் கேக்கல. கேக்காததை நான் எழுதறதில்ல."

"கேட்டா?"

மாவிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மேலே கதவு சாத்தும் சத்தம். காலடிகள் சமையலறையைக் கடந்தன. படியில் இறங்கின. மூன்றாவது படி முனகியது. காலடி அங்கேயே நின்றுவிட்டது.

வெர்னாவின் முகம் வெளுத்துப்போனதை ரோலி பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனும் அந்தப் பக்கம் திரும்பத் துணியவில்லை.

கர்ட் அங்கே உட்கார்ந்திருந்தார், நெடிய கால்களை மடக்கி, கைகளைத் தொங்கவிட்டு. ஏன் அந்தப் படியில் உட்கார்ந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. "ஏதோ பேசிக்கிட்டிருந்தீங்க. என்ன கண்டுபிடிச்சீங்க மாவிஸ்?"

"யாரும் வெளியிலேர்ந்து வரல. உங்க அம்மாதான் செஞ்சாங்க. புத்தி தெளிவாத்தான் செஞ்சிருக்காங்க."

"அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது."

வெர்னா ஆப்பிள் பெட்டியைக் காலால் நகர்த்தி ஏறி நின்றார். பித்தளை உறை ஒன்றை எடுத்து இழுத்தார். அச்சை மாற்றினார், இழுத்தார். மருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்டினார். குண்டை உறையின் வாயில் வைத்துப் பாதி இறக்கி, உறையை அரைவட்டம் திருப்பி, மீதியையும் இறக்கினார். காற்றுகூட நின்று பார்த்ததுபோல இருந்தது. முடிந்ததும் தோட்டாவையும் காலிப்பரையும் மகனிடம் நீட்டினார்.

கர்ட் அளந்தார். அலமாரியிலிருந்த தோட்டாப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து அளந்தார். மறுபடியும் முதலாவதை அளந்தார். பிறகு, "கோர்ட்டுல மனுவை வாபஸ் வாங்கிக்கறேம்மா," என்றார். "நீங்க இங்கயே இருங்க. ஆனா அப்பான்னு ஏன் சொன்னீங்க?"

"சொல்லத் தோணுச்சு."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. பள்ளம் விழுந்த பெட்டியின்மேல் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும் அந்தக் கால்களை அவர் பார்ப்பதை ரோலி பார்த்தான். மெல்ல அவருக்குள் வருடக் கணக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. கர்ட்டின் பார்வை தாயைத் தாண்டி, மாவிஸைத் தாண்டி, அவனிடம் வந்து நின்றது.

"ரோலி. முப்பது வருஷம் முன்னால, பன்னிரண்டு வயசுல, என் முதல் எல்க்குக்கு அப்பா ஒரு பெட்டி குடுத்தார். உனக்காக நானே கெட்டிச்சதுன்னார். அதுல ஒண்ணைச் சுடாம இன்னும் வச்சிருக்கேன். அம்மா எனக்காக எதையும் சொல்லுவாங்க. மாவிஸ் பேச்சை அளந்து பேசுவா. நீ பொய் சொன்னதில்லைன்னு ஊரே சொல்லுது. அந்தக் காலத்துது எல்லாம் யார் செஞ்சது?"

வெர்னா கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். மாவிஸ் காலிப்பரை உறையில் போட்டு மூடுவதில் மும்முரமாக இருந்தாள். சுவரில் ஆறடி நாலங்குல மனிதரும் ஒற்றைக்கண் தம்பியும் ரோலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அப்பா," என்றான் ரோலி. "கடைசி ஒரு வருஷம் முடியாம போனப்பதான் அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கார். இந்தப் பெட்டிகூட அவர் மண்டி போட்டு வேலை செய்ய வச்சிருந்ததுதானாம். முழங்கால் பள்ளம்."

"நிஜமா?"

"நிஜமா."

கர்ட் தலையைக் குனிந்து, தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்ததுபோல் மூச்சுவிட்டார். வெர்னா அடுத்த பித்தளை உறையை எடுத்தார்.